பெண்ணின் குறிப்பில் ‘ஹோம்லி’ என்று எழுதியது பிழையா?

கேள்வி: தட்டச்சுக்கடைக்காரர், காரைக்குடி

வணக்கம். காரைக்குடியில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து தரும் சிறிய கடை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். தேர்வு விண்ணப்பம், பத்திர நகல், வாடகை ஒப்பந்தம் என்று பல வேலைகள் வந்தாலும், தை பிறந்துவிட்டால் பாதி வேலை திருமணக் குறிப்புத்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பெண்ணின் படத்தையும் சாதக நகலையும் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக அடித்துக் கொடுப்பேன். தமிழ்க் குறிப்பு உள்ளூருக்கு. ஆங்கிலக் குறிப்பு சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பிள்ளைகள் இருக்கும் நாடுகளுக்கு.

ஆங்கிலக் குறிப்புக்கென்று என் கணினியில் ஒரு மாதிரிக் கோப்பு உண்டு. பெயர், பிறந்த நாள், நட்சத்திரம், கோயில் (நகரத்தாரின் குலப்பிரிவு), உயரம், படிப்பு ஆகியவற்றை மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவேன். பெண் ஹோம்லியானவள், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவள் என்பது அதன் கடைசி வரி. அதை முதன்முதலில் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பது எனக்கே நினைவில்லை. ‘குடும்பப் பாங்கான பெண்’ என்பதற்கு ஆங்கிலம் அதுதான் என்று நானும் நம்பினேன், கொடுத்தவர்களும் நம்பினார்கள், வாங்கியவர்களும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். அவருடைய பேத்தியின் குறிப்பை நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். அது அமெரிக்காவில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளையின் தங்கை அங்கேயே பிறந்து வளர்ந்தவளாம். அவள் குறிப்பைப் படித்துவிட்டு, ‘பெண் அழகில்லை என்று பெண் வீட்டாரே எழுதி அனுப்பியிருக்கிறார்களே’ என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்து போய்க் கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. படத்தில் அந்தப் பெண் மூக்கும் முழியுமாக இருக்கிறாள். ஆச்சி என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தாளில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ‘தம்பி, காசு கொடுத்து எம் பேத்தியை நானே குறை சொல்லிக்கிட்டேனா?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாளுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்? நாம் எழுதுவது பிழையா, அமெரிக்கர்கள் கொள்ளும் பொருள் பிழையா? அழகில்லை என்பதுதான் பொருள் என்றால், ‘அக்லி’ என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இனி அந்த வரியில் என்ன எழுதுவது? இதோடு இன்னொன்று: என் கடைக்கு அடுத்த மெஸ்ஸில் ‘ஹோம்லி மீல்ஸ்’ என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் மாற்றச் சொல்ல வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை

நீங்கள் எழுதியது பிழையான ஆங்கிலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், அமெரிக்காவுக்குப் போகும் குறிப்பில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதைச் சொல்லச் சற்று விரிவாகப் போக வேண்டும். வகுப்பெடுத்த பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஹோம்’ என்பது வீடு. அதன்பின் வரும் ‘லி’ என்ற ஈறு ‘உரிய’, ‘போன்ற’ என்னும் பொருளைத் தருவது. ‘ஃப்ரெண்ட்’ என்பது ‘ஃப்ரெண்ட்லி’ ஆவது இப்படித்தான். ஆகவே வீட்டுக்கு உரியது என்பதே இதன் முதற்பொருள். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல் இது. வீட்டுக்கு உரியது என்றால் பழகியது, பகட்டில்லாதது, எளியது என்றெல்லாம் பொருள் விரியும். இதுவரை குறையொன்றும் இல்லை. ஆனால் ஒன்றை எளியது என்று சொல்பவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அரசவையிலும் பிரபுக்கள் மாளிகையிலும் நிற்பவருக்கு வீட்டில் நெய்த துணி முரட்டுத் துணியாகவும், வீட்டுப் பேச்சு நயமில்லாத பேச்சாகவும், வீட்டோடு இருக்கும் முகம் சபைக்கு ஏற்காத முகமாகவும் தெரியும். அந்தப் பார்வை சொல்லின் மேல் படிந்து படிந்து, எளிய முகம் என்பது அழகில்லாத முகம் என்றாகிவிட்டது.

இந்தச் சரிவை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆங்கிலக் கவிஞர் மில்டனிடம் போக வேண்டும். 1634இல் லட்லோ கோட்டையில் நடித்துக் காட்டப்பட்ட ‘கோமஸ்’ என்னும் அவருடைய நாடகக் கவிதையில், கோமஸ் என்ற மாயாவி, வழி தவறி வந்து தன் பிடியில் சிக்கிய பெண்ணிடம் அழகை ஒளித்துவைப்பது வீண் என்று வாதாடுகிறான். ஹோம்லியான முகங்கள் வீட்டிலேயே கிடக்கட்டும், அவற்றுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான் என்பது அவன் வாதம். வீடு என்ற பொருளையும் அழகின்மை என்ற பொருளையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிடுகிறான். பேசுகிறவன் அந்தக் கதையின் வஞ்சகன் என்பதை என் மாணவர்களுக்கு நான் மறக்காமல் சொல்வதுண்டு.

அதன்பின் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் சொல் இரு வழியாகப் போயிற்று. பிரிட்டனில் ஒரு விடுதியை ஹோம்லி என்றால், அங்கே வீட்டில் இருப்பது போன்ற இதம் உண்டு என்று பொருள். விடுதி நடத்தும் அம்மாளை ஹோம்லி என்றால், பகட்டில்லாமல் வாஞ்சையோடு பழகுபவர் என்று பொருள். அமெரிக்காவில் அந்த இதத்தை ‘ஹோமி’ என்ற வேறொரு சொல் எடுத்துக்கொண்டது. அங்கே ஹோம்லி என்பது ஆளோடு சேர்ந்து வந்தால், முகம் பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை என்பதைத்தான் குறிக்கும். பிரிட்டனில் அதை நாசூக்காகச் சொல்ல ‘ப்ளெய்ன்’ என்பார்கள். சமதளம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது அது. கண்ணை நிறுத்திப் பார்க்க அந்த முகத்தில் ஒன்றும் இல்லை என்பதை வையாமல் வைகிற முறை.

நமக்குக் கிடைத்தது பிரிட்டிஷ்காரர்களின் ஆங்கிலம். அவர்களிடமிருந்து இதம், எளிமை என்ற பொருள்களோடு சொல்லை வாங்கிக்கொண்டு, அதன் மேல் நம்முடைய எதிர்பார்ப்புகளையும் ஏற்றிவிட்டோம். சமைக்கத் தெரியும், புடவை கட்டுவாள், பெரியவர்களுக்கு எதிரே குரல் உயர்த்தமாட்டாள் என்பவையெல்லாம் லண்டன்காரருக்கும் அந்தச் சொல்லில் கேட்காது. இந்தியில் ‘கரேலு’ என்று சொல்வதும் ஏறத்தாழ இதே சரக்குத்தான். ஆகவே உங்கள் மாதிரிக் கோப்பில் இருப்பது இந்திய ஆங்கிலம். இந்தியாவுக்குள் அதற்கு ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவிலும் இச்சொல் வரும் இடமெல்லாம் பழிச்சொல் என்று எண்ணிவிட வேண்டாம். பழமொழியையோ அறிவுரையையோ உவமையையோ ஹோம்லி என்றால், மண்ணோடு ஒட்டிய எளிமை என்றே அங்கும் கொள்வார்கள். ஆள்மீதும் முகத்தின்மீதும் வரும்போதுதான் தொல்லை. அப்போதும்கூட அது கடுஞ்சொல் அன்று. ஆபிரகாம் லிங்கனின் ஒட்டிய கன்னத்தையும் பெரிய காதுகளையும் பற்றி எழுதும் அமெரிக்கர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகவே பயன்படுத்துவார்கள்; அதில் இகழ்ச்சியைவிட வாஞ்சை மிகுதி.

‘அக்லி’ முற்றிலும் வேறு குடியில் பிறந்த சொல். கடல் தாண்டி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில், அச்சத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. பார்த்தவுடன் நடுங்க வைப்பது என்பதே அதன் பழைய பொருள். அழகில்லாதது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. அந்தப் பழைய அச்சம் இன்றும் அதன் அடியில் கிடக்கிறது. ஒரு கூட்டத்தின் மனநிலை அக்லியாக மாறிவிட்டது என்று ஆங்கிலச் செய்தியில் படித்தால், அங்கே இருந்தவர்கள் அழகில்லாமல் போனார்கள் என்று பொருளில்லை. இன்னும் சற்று நேரத்தில் கல் பறக்கும் என்று பொருள். ஒரு காயத்தை அப்படிச் சொன்னால் அது ஆழமானது, சீழ் வைக்கக்கூடியது. வானத்தைச் சொன்னால் புயல் வரப்போகிறது. இவற்றையெல்லாம் ‘அசிங்கம்’ என்று தமிழாக்கினால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். செய்தித்தாள்களில் அப்படித் தமிழாக்கியதைப் படித்துச் சிவப்பு மையைத் தேடியிருக்கிறேன்.

பதில்: மென்பொருள் மாணவர், காரைக்குடி

கைபேசியில் உள்ள அகராதியில் பார்த்தேன். இரண்டு பொருளும் போட்டிருக்கிறார்கள். எது எந்த நாட்டுக்கு உரியது என்பதையும் குறித்திருக்கிறார்கள். அண்ணன் அடிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பதில்: பள்ளத்தூர் மகள், நியூஜெர்சி

தம்பி, தெரியாத சொல்லுக்குத்தான் அகராதியைத் தேடிப் போவோம். தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொல்லுக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை, அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

இங்கே வந்த புதிதில், அலுவலகத்தில் என் அண்ணமிண்டியின், அதாவது அண்ணன் மனைவியின், கல்யாணப் படத்தைக் காட்டி, அவர்கள் மிகவும் ஹோம்லி என்று பெருமையாகச் சொன்னேன். படத்தில் அண்ணமிண்டி கழுத்துரு என்னும் எங்கள் கல்யாணத் தாலியைப் பூட்டி, பட்டு உடுத்தி, வீட்டின் உள்முற்றமான வளவில் நிற்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்த அம்மாள் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் விடவில்லை; இல்லையில்லை, எங்கள் குடும்பத்திலேயே இவர்கள்தான் ஹோம்லி என்று அழுத்திச் சொன்னேன். அண்ணமிண்டிக்கும் எனக்கும் ஏதோ சண்டை என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். அன்று முழுவதும் என்னிடம் சற்று விலகியே இருந்தார். விஷயம் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு, இங்கே காதால் கேட்கும் வழக்கை மட்டும் சேர்க்கிறேன். இளம்பிள்ளைகள் ஹோம்லி என்ற சொல்லைப் பேச்சில் அதிகம் பயன்படுத்துவதில்லை. வயதானவர்கள் வாயிலும் கதைப் புத்தகங்களிலும்தான் அதைப் பார்க்கிறேன். பயன்படுத்தாவிட்டாலும் பொருள் எல்லோருக்கும் தெரியும். அக்லி என்பதைப் பொருள்களின் மேல் தாராளமாக வீசுவார்கள்: சோஃபா, கழுத்துப்பட்டை, சுவர் வண்ணம் எதுவும் தப்பாது. டிசம்பர் மாதத்தில், வேண்டுமென்றே கண்ணைக் கூசவைக்கும் ஸ்வெட்டரை அணிந்து வரச் சொல்லி விருந்து வைப்பார்கள். அதற்கு ‘அக்லி ஸ்வெட்டர்’ விருந்து என்றே பெயர். அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது அறைந்ததற்குச் சமம். ஆகவே ஆச்சியின் பேத்தியை நீங்கள் அக்லி என்று எழுதிவிடவில்லை என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். நம் ஊரில் ‘பொண்ணு சுமாராத்தான் இருக்கும், ஆனா நல்ல பொண்ணு’ என்று இழுத்துச் சொல்வோமே, அந்த அளவுதான் அங்கே காதில் விழுந்திருக்கும். அதுவும் குறிப்பில் எழுதத் தக்கதில்லை என்பது வேறு.

இன்னோர் எச்சரிக்கை. அந்த வரியை நீக்கிவிட்டு, பெண்ணுக்கு மிக நல்ல குணம் என்று அதே இடத்தில் எழுதிவிடாதீர்கள். அறிமுகம் இல்லாத பெண்ணைப் பற்றி விசாரிக்கும்போது முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குணத்தை மட்டும் புகழ்ந்தால், இங்கே அதற்கும் அழகில்லை என்றே பொருள் எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் விழ வேண்டாம்.

பதில்: தமிழாசிரியர், காரைக்குடி

ஆங்கிலச் சொல்லைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தமிழுக்குள் அது என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் கடைக்கார நண்பர் எழுதியது ஒருவகையில் தமிழ்ச் சொல்தான்.

நம் சினிமா இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகைகளை அவை நெடுங்காலமாக இரண்டு கூடையில் போட்டு வந்திருக்கின்றன: ஒன்று கிளாமர், மற்றது ஹோம்லி. தாவணியோ புடவையோ உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பொட்டோடு வருகிறவர் ஹோம்லி. அவர் அழகில்லாதவர் என்று எந்த வாசகரும் நினைத்ததில்லை; கிளாமர் நடிகையைவிட அவரே அழகு என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆகத் தமிழில் இச்சொல் அழகின்மையைக் குறிக்காமல் இருப்பது மட்டுமன்று, ஒருவகை அழகையே குறிக்கிறது. ஒரே சொல் ஓர் ஊரில் அழகாகவும் இன்னோர் ஊரில் அழகின்மையாகவும் வழங்குவது கண்டு மலைக்க வேண்டியதில்லை. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் பாடியதை இன்றைய பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், மூக்கைப் பிடிப்பான்.

இடத்தைக் குறித்த சொல் தரத்தைக் குறிக்கும் சொல்லாக மாறுவதும் நமக்குப் புதிதன்று. நகரம் என்பதிலிருந்துதானே நாகரிகம் வந்தது? நாட்டுப்புறம், பட்டிக்காடு என்பவை வெறும் இடப்பெயர்களாக இருந்து, பிறகு வசைகளாக வழங்கின. நகரத்தார் என்றே பெயர் கொண்டவர்கள் நிறைந்த வட்டாரத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயரின் அரசவை தன் வீடுகளைப் பார்த்த பார்வையும், நம்முடைய நகரம் பட்டிக்காட்டைப் பார்த்த பார்வையும் ஒன்றுதான்.

பள்ளத்தூர் அம்மையார் சொன்ன ‘சுமார்’ இன்னும் வேடிக்கையானது. பாரசீகத்தில் எண்ணிக்கை என்னும் பொருள் கொண்ட சொல் அது. தமிழுக்கு வந்து ‘ஏறத்தாழ’ என்று பொருள் கொண்டது. சுமார் பத்துப் பேர் என்றால் குறையில்லை. சுமார் மூக்கு என்றால் மூக்குக்கு வந்தது கேடு. மற்றபடி அழகின்மைக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றின் இடம்தான் வேறு வேறு. லட்சணம் என்பது அடையாளம். நல்ல அடையாளங்கள் பொருந்திய முகம் லட்சணமான முகம், தீய அடையாளங்கள் கொண்டது அவலட்சணம். விகாரம் என்பது இயல்பு திரிந்த நிலை. கோரம் என்பதில், அக்லி என்பதன் வைக்கிங் மூதாதையைப் போலவே, அச்சம் கலந்திருக்கிறது; விபத்தைக் கோரம் என்போம், சுவர் வண்ணத்தைச் சொல்லமாட்டோம். அசிங்கம் என்பதோ முகத்தைவிட்டு இறங்கி மானத்துக்குப் போய்விட்டது. ‘நாலு பேர் முன்னால அசிங்கமாப் போச்சு’ என்பவர் தம் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியர் ஐயா சிவப்பு மையைத் தேடியது இதனால்தான்.

குடும்பப் பாங்கு என்பதன் வேரைத் தேடினால் குறளில் போய் நிற்கலாம். ‘மனைத்தக்க மாண்பு’ என்கிறார் வள்ளுவர். வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தின் முதற்குறள். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளிலும் பெண்ணின் முகத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. 1939 முதல் கம்பனுக்குக் கழகம் வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு கம்பனைச் சொல்லாமல் விட்டால் குறையாகும்: மந்தரையை அவர் அறிமுகம் செய்யும்போது ‘கொடுமனக் கூனி தோன்றினாள்’ என்கிறார். கூன் என்பது அவளைச் சுட்டும் பெயர் மட்டுமே; கொடுமை என்னும் அடைமொழியை அவர் முதுகுக்குக் கொடுக்காமல் மனத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

பதில்: ஓர் ஆச்சி, தேவகோட்டை (பேரன் தட்டச்சு செய்கிறான்)

கடைக்காரத் தம்பி, உன் கடைக்கு வந்த ஆச்சி நான் இல்லை. என் பேத்திக்கும் இதே போல ஒரு தாளை எங்கள் ஊர்க் கடையில் அடித்து வாங்கி வைத்திருக்கிறோம்; அதிலும் இந்தச் சொல் இருக்கிறது என்று பேரன் காட்டினான்.

எங்கள் காலத்தில் தாள் கிடையாது. எந்தக் கோயில், எந்த வீடு, அப்பச்சி (பெண்ணின் அப்பா) எந்த ஊரில் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போயிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து ‘பாந்தமா இருக்கு’ என்பார்கள். அந்தப் பாந்தத்தில் முகமும் உண்டு, நடையும் உண்டு, பந்தியில் எத்தனை பேருக்குக் கேட்காமலே நீர் வைத்தாள் என்பதும் உண்டு. அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடைக்கப் போனதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டோடு இருக்கிற பெண் என்றால் சாதுவாக மூலையில் இருக்கிறவள் என்று இப்போது நினைக்கிறார்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் போனால் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை முகப்பிலிருந்து பின்கட்டு வரை எத்தனை அறை, எத்தனை பெட்டகம், எத்தனை சாவி, எத்தனை பேருக்குச் சோறு என்பதெல்லாம் ஆச்சிமார் கணக்கு. அப்பத்தா இடுப்பில் சாவிக்கொத்து இருக்கும். சத்தம் கேட்டால் கணக்குப்பிள்ளை எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். வீட்டுக்கு உரியவள் என்று அப்பத்தாளைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் குறிப்பில் எழுதுகிறவர்கள் அதையா நினைத்து எழுதுகிறார்கள்? எதிர்த்துப் பேசமாட்டாள் என்பதைத்தான் சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். என் பேத்தி ஆடிட்டர் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். மேல் வரியில் அதைப் போட்டுவிட்டுக் கீழ் வரியில் வீட்டோடு இருப்பவள் என்று போட்டால் படிக்கிறவர்கள் எதை நம்புவார்கள்?

நிறத்துக்கு ஒரு வரி வைத்திருக்கிறாய் அல்லவா, அதையும் எடுத்துவிடு. படம்தான் ஒட்டியிருக்கிறதே.

மறுமொழி: தட்டச்சுக்கடைக்காரர், காரைக்குடி

அனைவருக்கும் நன்றி. தம்பி சொன்னதில் கோபமில்லை. அன்று இரவே அகராதியைப் பார்த்தேன். என்னிடம் உள்ள பழைய அகராதியில் எளிமை என்ற பொருள் முதலிலும், அழகின்மை என்ற பொருள் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நாட்டுக் குறிப்போடும் இருந்தது. முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு.

பேத்தியின் குறிப்பை என்னிடம் அடித்து வாங்கிய அந்த ஆச்சியை நேரில் போய்ப் பார்த்தேன். சுமார் என்ற அளவுதான், அதற்கு மேல் இல்லை என்று நியூஜெர்சி ஆச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். ‘அது மட்டும் என்ன நல்லாவா இருக்கு?’ என்று கேட்டுச் சிரித்துவிட்டார். சிரித்ததே எனக்குப் போதும். பிறகு பேத்தியை அழைத்து, உன்னைப் பற்றி நீயே சொல் என்றார். அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டு வந்து அடித்தேன். எம்.காம். படித்திருக்கிறாள், ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள், வண்டியும் காரும் ஓட்டுவாள், பழைய நாணயங்கள் சேர்க்கிறாள், வெள்ளைப் பணியாரம் சிவக்காமல் சுட வரும் என்று ஐந்து வரிகள். பணியாரம் ஆச்சி சேர்த்தது; அதற்கு ஆங்கிலம் தேடாமல் அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டேன். அந்த அமெரிக்க வீட்டுக்கும் புதுத் தாளை அனுப்பியிருக்கிறார்கள்.

மாதிரிக் கோப்பின் கடைசி வரியை அழித்துவிட்டேன். நிறத்துக்கான வரியும் போயிற்று. இப்போது அந்த இடத்தைக் காலியாக விட்டு, வருகிறவர்களிடம் கேட்டுத்தான் நிரப்புகிறேன். பாதிப் பேர் பெண்ணைப் பற்றி உடனே ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று போகிறார்கள். ஒரு குறிப்புக்கு முன்பு பத்து நிமிடம் ஆனது, இப்போது இரண்டு நாள் ஆகிறது.

மெஸ் பலகையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை

மறந்துவிட்டேன். சாப்பாட்டைச் சொல்லும்போது இரு நாட்டிலும் பகட்டில்லாத எளிய உணவு என்றுதான் கொள்வார்கள். அமெரிக்கர் சற்றுச் சப்பென்று இருக்குமோ என்று ஐயப்படலாம். பலகை இருக்கட்டும்.

மறுமொழி: தட்டச்சுக்கடைக்காரர், காரைக்குடி

மெஸ்காரரிடம் சொன்னேன். சப்பென்று இருக்குமோ என்ற இடம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. ‘ஹோம்லி’யை அழித்துவிட்டு ‘செட்டிநாடு’ என்று எழுதப் பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறார்.